"நீ உட்காரும்மா, நான் பாத்துக்கறேன்"

அம்மாவிடம் இந்த வார்த்தையை எத்தனை தடவை சொல்லியிருப்பேனோ தெரியாது. மாவுப் பாத்திரத்தைத் தூக்கினால், துணி காயப்போட மாடிப்படி ஏறினால், ஓடிப்போய் வாங்கிக்கொள்வேன். பாசம்தான். ஆனால் அந்தப் பாசமே அவர் காலில் இருந்த பலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துவிட்டது என்று இப்போது நினைக்கிறேன்.

போன வருஷம் காய்ச்சல் வந்து பத்து நாள் படுத்தே கிடந்தார். காய்ச்சல் விட்டது, பலம் திரும்பவில்லை. ஒருநாள் பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து அவர் எழுந்ததைப் பார்த்தேன். இரண்டு கையையும் ஊன்றி, உடம்பை முன்னால் ஒரு ஆட்டு ஆட்டி எழப் பார்த்தார். முடியாமல் மறுபடி உட்கார்ந்தார். அடுத்த தடவைதான் எழ முடிந்தது. எழுந்ததும் புடவை மடிப்பைச் சரிசெய்வதுபோல அங்கேயே நின்றார். தடுமாறியது எனக்குத் தெரியக்கூடாதாம்.

"72 வயசாச்சு, அப்புறம் எப்படி இருக்கும்?" என்றார்கள் உறவினர்கள். இந்தப் பேச்சுதான் எனக்கு ஆறவே இல்லை. வயசு ஒரு காரணம், சரி. ஆனால் 2007-இல் அமெரிக்காவில் வந்த ஓர் ஆய்வில், நல்ல ஆரோக்கியத்தோடு இருந்த முதியவர்களையே 10 நாள் படுக்கையில் வைத்துப் பார்த்தார்கள். கால்களில் மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ சதை போய்விட்டது. அவர்களுக்கு எந்த நோயும் இல்லை, சும்மா படுத்திருந்தார்கள், அவ்வளவுதான்.

வயதோடு தசை கரைவதற்கு 1989-இல் இர்வின் ரோசன்பெர்க் 'சார்கோபீனியா' என்று பெயர் வைத்தார். இதில் நாம் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு. தசையின் அளவு குறைவதைவிட வேகமாகப் பலம் குறைகிறது. தண்டுவடத்திலிருந்து தசைக்கு வரும் நரம்பு செல்கள் வயதாக ஆக ஒவ்வொன்றாகச் செத்துப்போகின்றன. அவை இயக்கிவந்த தசைநார்களில் சிலவற்றைப் பக்கத்து நரம்பு ஏற்றுக்கொள்ளும், மீதி சுருங்கிவிடும். அதிகம் அடிபடுவது சட்டென்று வேகமாக இயங்கும் நார்கள். குளியலறையில் கால் வழுக்கும்போது அந்த அரை நொடியில் நம்மைத் தாங்கிப் பிடிப்பவை அவைதான். "எப்படி விழுந்தேன்னே தெரியல" என்று பெரியவர்கள் சொல்வதை இனிமேல் கவனித்துக் கேளுங்கள்.

என்னை மாற்றியது பாஸ்டனில் நடந்த ஓர் ஆய்வு. 1990-இல் மரியா ஃபியாட்டரோன் என்ற மருத்துவர், முதியோர் பராமரிப்பு இல்லத்தில் இருந்த 90 வயதை ஒட்டிய பத்துப் பேருக்கு 8 வாரம் கால்களுக்கான எடைப் பயிற்சி கொடுத்தார். முழுதாக முடித்த ஒன்பது பேருக்குக் கால் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது, அதாவது இரண்டரை மடங்குக்கும் மேல். தொடைத் தசையின் அளவு கூடியதோ 9 சதவீதம்தான். 90 வயதிலும் நரம்பும் தசையும் கற்றுக்கொள்ளத் தயாராக இருக்கின்றன. நாம்தான் கேட்பதில்லை.

"தினமும் வாக்கிங் போறாங்களே" என்பார்கள். நல்லதுதான், இதயத்துக்கு ரொம்ப நல்லது. ஆனால் தொடைத் தசைக்குப் பாரம் வேண்டும். உட்கார்ந்து எழ வேண்டும், படி ஏற வேண்டும், எதையாவது தூக்க வேண்டும்.

சாப்பாட்டையும் சொல்ல வேண்டும். முதியவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை புரதம் வேண்டும் என்கிறார்கள் நிபுணர்கள். 55 கிலோ இருக்கும் அம்மாவுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 55 கிராம். ராத்திரி இரண்டு இட்லி, ஒரு டம்ளர் பால் என்று முடித்துக்கொள்பவருக்கு அது எங்கிருந்து வரும்? இப்போது காலையில் முட்டை, சாயங்காலம் சுண்டல், மதியம் கெட்டித் தயிர். (சிறுநீரகக் கோளாறு இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்ட வேண்டாம்.)

பிசியோதெரபிஸ்ட் சொன்னபடி கையை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து எழும் பயிற்சி தினமும் நடக்கிறது. ஐந்து தடவை எழ 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் கவனிக்க வேண்டும் என்பது ஆசிய மருத்துவர்கள் குழு வகுத்த அளவு. ஆரம்பத்தில் கையை ஊன்றாமல் அம்மாவால் ஒரு தடவைகூட எழ முடியவில்லை. நேற்று ஐந்து தடவை எழுந்தார், 14 விநாடி. செல்போனை நான் கீழே வைப்பதற்குள், "இன்னொரு தடவை பார்க்கலாமா?" என்று கேட்டார்.