முதல் ஆள் கார்கர்தான்

நேற்றைய நேரலையைப் பார்த்தவர்களுக்கு நான் எதைச் சொல்ல வருகிறேன் என்று தெரியும். அமெரிக்க அதிபர் வேட்பாளராகப் பெரிய கட்சியில் களம் இறங்கிய முதல் வெளிப்படையான தன்பாலீர்ப்பாளர், 2020 தேர்தலுக்கு ஜனநாயகக் கட்சியில் இறங்கிய பீட் புட்டிஜெஜ் என்றார் நண்பர். இல்லை, 2012 தேர்தலிலேயே குடியரசுக் கட்சியில் ஃபிரெட் கார்கர் இறங்கிவிட்டார் என்றேன். "அந்த ஆளையெல்லாம் யார் கணக்கில் எடுப்பார்கள்?" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு என்னை ராத்திரி தூங்கவிடவில்லை.

முதல் ஆள் கார்கர்தான். புட்டிஜெஜை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அவரை விவாத மேடைக்குக் கூப்பிட்டார்கள். 2011 ஆகஸ்டில் அயோவாவில் ஃபாக்ஸ் நியூஸ் விவாதம் நடந்தபோது, கருத்துக்கணிப்பில் கேட்ட ஒரு சதவீதம் தனக்கு இருக்கிறது என்று கார்கர் கணக்குக் காட்டினார். சேர்க்கவே இல்லை.

கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் ஓட்டெடுப்பில், நியூ ஹாம்ப்ஷயரில் 345 ஓட்டுதானே வாங்கினார் என்பீர்கள். சரி, 345தான். போர்ட்டோ ரிக்கோவில், அதே கட்சியில் போட்டியிட்ட பிரபலமான ரான் பாலைவிட அதிகம் வாங்கினாரே, அதை ஏன் ஒருவரும் சொல்வதில்லை?

அதற்கும் முன்னால் அவர் செய்த வேலை இருக்கிறது. 2008இல் கலிஃபோர்னியாவில் தன்பாலினத் திருமணத்தைத் தடுக்க 8ஆம் முன்மொழிவு என்று ஒன்று மக்கள் ஓட்டெடுப்புக்கு வந்தது. அதற்குப் பணம் கொடுத்தவர்களின் பெயர்களை ஊரறியச் செய்தார். அதை ஆதரித்த மார்மன் சபை என்ற பெரிய மத அமைப்பு தன் செலவை ஒழுங்காகக் கணக்குக் காட்டவில்லை என்று புகார் கொடுத்தார். 2010இல் சபை 5,539 டாலர் அபராதம் கட்டியது. தொகை சின்னதுதான். ஆனால் ஒரு தனி மனிதரின் புகாரில் அவ்வளவு பெரிய சபை அபராதம் கட்டியது. தேர்தல் கணக்கின் சந்துபொந்து தெரிந்த ஆலோசகரால்தான் அது முடியும்.

இங்கேதான் எல்லோரும் பிடிக்கிறார்கள். 27 வருஷம் தேர்தல் ஆலோசகராகக் குடியரசுக் கட்சிக்காரர்களை ஜெயிக்க வைத்துச் சம்பாதித்தார், ரேகனுக்கும் மூத்த புஷ்ஷுக்கும் வேலை பார்த்தார், ஓய்வு பெற்ற பிறகுதான் தான் தன்பாலீர்ப்பாளர் என்று வாயைத் திறந்தார், இது என்ன வீரம் என்கிறார்கள். 1988இல், விடுப்பில் வெளியே வந்து குற்றம் செய்த வில்லி ஹார்ட்டன் என்ற கறுப்பினக் கைதியைக் காட்டி எதிர்க்கட்சி வேட்பாளருக்கு எதிராக நடந்த பிரசாரத்திலும் அவர் கை இருந்தது. அது தப்பு. அதற்குமேல் அதில் பேச எனக்கு ஒன்றுமில்லை.

ஆனால் "இத்தனை வருஷம் சும்மா இருந்துவிட்டு இப்போது எதற்கு?" என்ற கேள்வியை மட்டும் என்னால் தாங்க முடியவில்லை. ஒரே அலுவலகத்தில் 11 வருஷம் இருந்தேன். கல்யாணம் எப்போது என்று கேட்டால், ஜாதகம் பார்க்கிறார்கள் என்பேன். ஒவ்வொரு தீபாவளிக்கும் அதே பதில். பக்கத்து மேசை அக்கா எனக்காகத் திருமணஞ்சேரிக்கு வேண்டிக்கொண்டு பிரசாதம் கொண்டுவந்து கொடுத்தார். அதையும் வாங்கி நெற்றியில் பூசிக்கொண்டேன். வேலையை விட்ட கடைசி நாளில்தான் அவரிடம் உண்மையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் கேட்டார்: "இத்தனை வருஷமா சொல்லாம, இப்ப எதுக்குடா சொல்றே?"

இதே கேள்வியைத்தான் நீங்களும் கார்கரிடம் கேட்கிறீர்கள் நண்பரே. அன்றைக்கு அக்காவுக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. இன்றைக்குச் சொல்கிறேன்: அப்போது பயமாக இருந்தது. இப்போதும் பயம்தான், ஆனாலும் சொன்னேன்.