ஒரு வரி என்பது ஒரு தூர்

குமுளி, வண்டன்மேடு பக்கத்துத் தமிழ்ப் பிள்ளைகள் ஏலக்காயையே ஆய்வுக்கு எடுத்துப் படிப்பதைப் பார்க்கப் பெருமையாக இருக்கிறது. ஆனால் மழையிலும் அட்டைக்கடியிலும் நின்று சரம் சரமாக எண்ணி வந்த கணக்கு, எக்செல் தாளில் வீணாவதைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

புள்ளிவிவரக் கணக்குப் போடும் மென்பொருளான எஸ்பிஎஸ்எஸ்ஸுக்கு வகுப்பு என்று மெனுவைத்தான் சொல்லித்தருகிறார்கள். அனலைஸ், கம்பேர் மீன்ஸ், ஓகே. முடிந்தது. எந்த எண் எந்தக் கட்டத்தில் உட்கார வேண்டும் என்பதற்கு ஒரு மணி நேரம்கூட ஒதுக்குவதில்லை. மென்பொருளுக்குத் தோட்டம் தெரியாது. ஒரே வரியில் இருப்பவை ஒரே தூருடையவை, அதாவது ஒரே ஏலச்செடிக் கொத்துடையவை, என்று நம்புவது மட்டும்தான் அதற்குத் தெரியும்.

உதாரணத்துக்கு ஐந்து தூர். மருந்தடிக்கும் முன், நூறு காய்க்கு இலைப்பேன் சொறி விழுந்தவை 40, 22, 55, 31, 18. அடித்த பின் அதே தூர்களில், அதே வரிசையில் 34, 17, 48, 26, 13. ஒவ்வொரு தூரிலும் ஐந்து முதல் ஏழு வரை குறைந்திருக்கிறது. முன், பின் என்று இரண்டு பத்திகளில் (மேலிருந்து கீழ் ஓடும் கட்டங்களில்), தூருக்கு ஒரு வரியாக வைத்து, ஜோடி ஜோடியாக ஒப்பிடும் பெயர்டு டி-டெஸ்ட் போட்டால் டி மதிப்பு 14. பி மதிப்பு, அதாவது மருந்தால் பலனே இல்லாவிட்டாலும் இவ்வளவு வித்தியாசம் தற்செயலாக வரும் வாய்ப்பு, 0.001-க்கும் கீழே. இதே பத்து எண்களை ஒரே பத்தியில் அடுக்கி, பக்கத்தில் 1, 2 என்று குழு எண் போட்டு, இரண்டு குழுவும் வேறு வேறு தூர்கள் என்று எடுத்துக்கொள்ளும் இண்டிபெண்டண்ட் டி-டெஸ்ட் ஓட்டினால் டி வெறும் 0.61. பி மதிப்பு 0.5-ஐத் தாண்டிவிடும். "வித்தியாசம் இல்லை" என்று எழுதிக் கொடுத்துவிடுவார்கள். தூருக்குத் தூர் இருக்கும் ஏற்ற இறக்கம் உண்மையான குறைவை விழுங்கிவிட்டது. மென்பொருள் ஒரு எச்சரிக்கையும் காட்டாது. எக்செலில் பின் பத்தியை மட்டும் தனியாக வரிசைப்படுத்திக் கொண்டுவந்தாலும் ஜோடி கலைந்துவிடும், அப்போதும் எஸ்பிஎஸ்எஸ் வாய் திறக்காது.

வெவ்வேறு தூர்களுக்கு வெவ்வேறு உரம் என்றால்தான் ஒரு பத்தியில் மகசூல், இன்னொன்றில் எந்த உரம் என்று காட்டும் எண். பல குழுக்களின் சராசரியை ஒப்பிடும் ஒன்-வே அனோவா கேட்பதும் அதையே. ஒரே தூரை மாதாமாதம் அளந்த ரிப்பீட்டட் மெஷர்ஸ் சோதனைக்கோ மாதத்துக்கு ஒரு பத்தியாக மாதங்கள் பக்கம் பக்கமாக நிற்க வேண்டும். இலவசமாகக் கிடைக்கும் புள்ளிவிவர மென்பொருள்களான ஜமோவி, ஜாஸ்ப் இரண்டிலும் இப்படித்தான்.

வழிகாட்டிகளிடம் ஒரு வேண்டுகோள். மாணவர் தோட்டத்துக்குள் இறங்கும் முன்பே வெற்றுத் தாளை வரைந்து வரச் சொல்லுங்கள்: தலைப்புகள், தூர் எண், ஒரு வரி எதைக் குறிக்கிறது என்பது. அதைப் பார்த்துக் கையெழுத்திட்ட பிறகு எண்ண அனுப்புங்கள். தூர் எண்ணைக் குறிக்காமல் எடுத்த கணக்கை எந்த மெனுவாலும் பிறகு ஜோடி சேர்க்க முடியாது.