தொலைக்கல்வி சூமோடு பிறந்ததல்ல

தம்பி, தொலைக்கல்வியே 2020இல் கொரோனாவோடு வந்த சூம் வகுப்புத்தான், அதனால் திருகோணமலை மாவட்டத்தில் வெருகல், மூதூர் பக்கம் சிக்னல் கிடைக்காத பிள்ளைகளுக்கு அது சரிவராது என்று மேலே எழுதியிருக்கிறீர்கள். சிக்னல் பிரச்சினை உண்மைதான். மற்றது பிழை.

1840களிலேயே ஐசக் பிட்மன் இங்கிலாந்தில் தபால் மூலம் சுருக்கெழுத்து படிப்பித்தார். அங்குள்ள திறந்த பல்கலைக்கழகம் 1971இல் முதல் மாணவர்களைச் சேர்த்தபோது கையில் இருந்தவை அச்சிட்ட பாடங்களும் பிபிசி ஒளிபரப்பும். நம் இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் 1980இல் தொடங்கியது. வேலை செய்துகொண்டே புத்தகத்தை வைத்துப் படித்துப் பட்டம் எடுத்தவர்கள் திருகோணமலையிலும் இருக்கிறார்கள், விசாரித்துப் பாருங்கள்.

சூம் என்பது நேரலை. எல்லாரும் ஒரே நேரத்தில் இணைய வேண்டும், லைன் அறுந்தால் பாடமும் போச்சு. ஆசிரியர் பாடங்களை ஏற்றிவைக்க, பிள்ளைகள் தமக்கு வசதியான நேரத்தில் படிக்கும் மூடில் (Moodle) மாதிரியான தளங்கள் அப்படியல்ல. மூடில் செயலியில், ஆசிரியர் தடுக்காவிட்டால், சிக்னல் உள்ள இடத்தில் பாடத்தை இறக்கிவைத்து வீட்டில் இணையம் இல்லாமலே படிக்கலாம்.

டேட்டா கணக்கும் சொல்கிறேன். வினாடிக்கு 64 கிலோபிட் வேகத்தில் பதிவான பேச்சு மணிக்குக் கிட்டத்தட்ட 29 எம்பிதான். வீடியோ வகுப்போ பல நூறு எம்பியை விழுங்கிவிடும் (கெமராவை நிறுத்தினால் நம் பக்கத்திலிருந்து போகும் படம் மட்டுமே குறையும், வருவது குறையாது). உங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஆசிரியரிடம் குரல் பதிவும் பிடிஎஃப் குறிப்பும் கேளுங்கள். சந்தேகம் கேட்க மட்டும் வாரத்தில் ஒரு நாள் நேரலை போதும்.