காலையில் கல்லூரி, மதியம் கடை

மும்பை தாராவியில் எங்கள் சந்தில் கல்லூரிக்குப் போகிற பையன்களில் பாதிப் பேர் வேலைக்கும் போகிறவர்கள்தான். நானும் அப்படித்தான். 2020இல் பி.காம் இரண்டாம் ஆண்டு. காலை 7 மணிக்கு மாதுங்காவில் வகுப்பு. 11 மணிக்கு மேல் லோக்கல் ரயிலைப் பிடித்தால் 12க்கு மஸ்ஜித் பந்தர், அங்கே ஒரு துணிக்கடையில் பில் போடும் வேலை. மாதம் 8,000 ரூபாய். ஃபீஸும் அதில்தான், வாடகையில் பாதியும் அதில்தான்.

கொரோனாவால் மார்ச் 22 இரவோடு லோக்கல் நின்றது. ஏப்ரல் சம்பளம் வரவில்லை. ஊரடங்கு நாட்களுக்குச் சம்பளம் பிடிக்கக் கூடாது என்று மத்திய உள்துறை மார்ச் 29இல் உத்தரவு போட்டது. ஆனால் நான் அங்கே வேலை பார்த்தேன் என்பதற்கு ஒரு துண்டுக் காகிதம்கூட என்னிடம் இல்லை. யாரிடம் போய் என்ன கேட்பது? மே மாதம் அந்த உத்தரவையே வாபஸ் வாங்கிவிட்டார்கள்.

சரி, முதலாளிக்கும் வியாபாரம் இல்லை. எனக்கு இன்னும் ஆறாதது கல்லூரி செய்ததுதான். ஆன்லைன் வகுப்பு வந்ததும், "எல்லாரும் வீட்டில்தானே இருக்கிறீர்கள்" என்று நேரத்தைக் காலை 11 முதல் மதியம் 3 வரை என்று மாற்றினார்கள். காலை வகுப்பை நம்பித்தான் நாங்கள் அங்கே சேர்ந்ததே.

அதற்குள் கடை திறந்துவிட்டது. ரயிலில் எங்களை ஏற்றவில்லை, பெஸ்ட் என்கிற மாநகர பஸ்தான். பஸ்ஸில் பாதி வகுப்பு, கடையில் மீதி. ஒரு காதில் இயர்போன், மறு காது முதலாளிக்கு. காஸ்டிங் பாடத்தின் அடக்கவிலைக் கணக்கை பில் புத்தகத்தின் பின்பக்கம் போட்டுப் பார்ப்பேன். அட்டெண்டன்ஸுக்கு மைக்கைத் திறந்தால், துணியின் மீட்டர் கணக்கை யாரோ கத்துவது வகுப்பு முழுக்கக் கேட்கும். "மார்க்கெட்டில் சுற்றிக்கொண்டா பாடம் கேட்கிறாய்?" என்றார் சார் ஒருநாள். பதில் சொல்லாமல் மைக்கை மூடினேன். அந்தக் கேள்வி இன்னும் வலிக்கிறது.

2021 பிப்ரவரி 1 முதல் எல்லாரும் ரயிலில் போகலாம் என்றார்கள். காலை 7க்கு முன், மதியம் 12 முதல் 4 வரை, இரவு 9க்குப் பிறகு. எனக்கு வேலை முடிவது 8க்கு. மஸ்ஜித் ஸ்டேஷனுக்கு வெளியே அந்த ஒரு மணி நேரம் நின்றுகொண்டு, நண்பன் போட்டோ எடுத்து அனுப்பிய நோட்ஸைப் படிப்பேன்.

வகுப்பை ரெக்கார்ட் செய்து போட்டிருக்கலாம். ஃபீஸைத் தவணையில் வாங்கியிருக்கலாம். இதற்கெல்லாம் பெரிய செலவு ஒன்றும் இல்லை. வேலை பார்த்துக்கொண்டே படிக்கிறவன் ஒருவன் இருக்கிறான் என்பதே அவர்கள் கண்ணில் படவில்லை.

போன வாரம் பக்கத்து வீட்டுத் தம்பி அட்மிஷன் ஃபார்மைத் தூக்கிக்கொண்டு வந்தான். அப்பாவின் தொழில் என்ன என்று ஒரு கட்டம் இருக்கிறது. அவன் தொழிலைக் கேட்கவில்லை. ஓரத்தில் பேனாவால் எழுதச் சொன்னேன்: மதியம் 1 முதல் இரவு 9 வரை, மெடிக்கல் ஷாப்.