கன்றுக்கு ஒரு காம்பு

கனடாவில் இருக்கும் என் மருமகள் சென்ற வாரம் ஒரு காணொளியை அனுப்பி, "மாமா, நம்மட பட்டியிலயும் இதுதானே நடக்குது?" என்று கேட்டிருந்தாள். பிறந்தவுடனேயே தாயிடமிருந்து பிரித்துத் தனிக் கூண்டில் அடைக்கப்படும் கன்றுகளைப் பற்றிய காணொளி அது. பாலையும் முட்டையையும்கூட விலக்கும் வீகன் முறைக்கு அவள் மாறி இரண்டு வருடமாகிறது. குடும்ப வட்ஸ்அப் குழுவில் அவளுக்குக் கிடைத்த பதில்கள் எனக்கு வருத்தமளித்தன. "மாடு வளர்த்த காசில்தான் உன் அம்மா படித்தாள்" என்று ஒருவர் எழுதினார். அது உண்மை; ஆனால் அவள் கேட்டதற்கு அது பதிலல்ல.

எங்கள் மாடுகள் கூண்டில் வளர்வதில்லை. பெரும்போக நெல் விதைப்புத் தொடங்கியதும் மட்டக்களப்பின் மாதவனை, மயிலத்தமடு மேய்ச்சல் தரைகளுக்கு அவற்றைச் சாய்த்துச் செல்கிறோம். அறுவடைக்குப் பின் அறுத்த வயல்களில் மேய அவை திரும்பி வருகின்றன. கன்றை ஊட்டவிட்டே கறக்கிறோம், ஏனெனில் நாட்டு மாடு கன்றின் வாய் படாமல் சுரப்பு விடாது. இதையெல்லாம் அவளுக்கு எழுதத் தொடங்கியபோதுதான் கை நின்றது. கன்று நான்கு முட்டு முட்டி, காம்புகள் பூரித்ததும், கழுத்துக் கயிற்றை இழுத்துத் தாயின் முன்னங்காலோடு கட்டிவிடுவோம். தாய் அதன் முதுகை நக்கிக்கொண்டு நிற்கும், நாங்கள் கறப்போம். தயிருக்குக் கேள்வி கூடிய நாட்களில் நான்கு காம்பையும் வற்றக் கறந்திருக்கிறேன். அவிழ்த்துவிட்ட கன்று வெறும் மடியை முட்டி முட்டிப் பார்ப்பதை அருகில் நின்று பார்த்தவன் நான். நாம்பன் (ஆண்) கன்றென்றால் இன்னும் கவனிப்புக் குறைவு. விலா எலும்பை எண்ணலாம்.

அடையாளத்துக்காக மாட்டின் உடலில் குறி சுடுவதும் அப்படித்தான். திருட்டுக்குப் பயந்தே செய்கிறோம், ஆனால் காரணம் இருப்பதால் சூடு குறைவதில்லை.

வீகன் நண்பர்களிடமும் ஒன்று கேட்கிறேன். 2023 செப்டெம்பரில் சித்தாண்டியில் பண்ணையாளர்கள் போராடத் தொடங்கியது இதே மாதவனை, மயிலத்தமடு மேய்ச்சல் தரைகளுக்காக. அந்தத் தரைகளில் சுருக்குக் கம்பியில் கால் அறுந்தும் வெடிபட்டும் செத்த மாடுகளும் உயிர்கள்தாம்; அவற்றுக்காகவும் உங்கள் குரல் எழ வேண்டும். விலங்குக் கொடுமைக்கு 1907ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் விதித்த உச்சத் தண்டம் 100 ரூபாய். அதை மாற்றக் கேட்பதில் நாமிருவரும் ஒரே பக்கம் நிற்கலாம். உள்ளூர்ப் பால் இல்லாமற் போனால் இங்குள்ள பெரும்பாலானோர் தேநீரை வெறுமையாகக் குடிக்கப் போவதில்லை, நியூசிலாந்துப் பால்மாவைத்தான் கரைக்கப் போகிறார்கள் என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

மருமகளுக்கு, "நீ கேட்டதில் பாதி சரி" என்று எழுதினேன். இந்த மாரியிலிருந்து எங்கள் பட்டியில் ஒரு காம்பு கன்றுக்கென்றே விடப்படுகிறது. கன்று பிறந்த முதல் மூன்று மாதத்துக்கு மாலையில் கறப்பதில்லை. பால் குறைந்தது, மறைக்கவில்லை. குறி சுடுவதற்கு மட்டும் இன்னும் வழி தெரியவில்லை. காதில் இலக்கத் தோடு குத்துவதோடு நிறுத்திக்கொண்டு, மாடுகளைத் திருட்டுப் போகாமல் காத்துவரும் பட்டிக்காரர் எவராவது கிரான், வாகரை, பொத்துவில் பக்கம் இருந்தால் தயவுசெய்து இங்கே எழுதுங்கள்.