அந்த நாய்க்குப் பயம் தெளியவில்லை

சில நாட்களாக வேலூரில் எல்லோருடைய கைப்பேசியிலும் சுற்றிக்கொண்டிருக்கும் அந்தக் காணொளியின் கீழே நான் எழுதிய ஒரேயொரு பின்னூட்டத்துக்கு வந்த வசைகளை எல்லாம் படித்து முடித்துவிட்டு இதை எழுதுகிறேன். காணொளியை இங்கே பகிரப் போவதில்லை. அதற்கு இன்னும் நூறு பார்வைகளைச் சேர்த்துக் கொடுக்க எனக்கு மனமில்லை. அணைக்கட்டு என்ற ஊரின் பக்கத்தில் நடந்த எருது விடும் விழாவில், பறையும் பட்டாசும் ஒலிபெருக்கியும் சேர்ந்து முழங்கும் இடத்துக்கு ஒரு பழுப்பு நாயை, இழுக்க இழுக்கக் கழுத்தை இறுக்கும் சோக் செயினில் இழுத்துச் சென்று, அது திமிறும்போதெல்லாம் சங்கிலியை மேல்நோக்கிச் சுண்டி, கடைசியில் அது தரையோடு தரையாகப் படுத்ததும், "பத்தே நிமிடத்தில் பயத்தை விரட்டிவிட்டேன்" என்று ஒரு நாய்ப் பயிற்சியாளர் சொல்கிறாரே, அதைப் பற்றித்தான்.

அந்த நாய்க்குப் பயம் தெளியவில்லை, அது அடங்கிப்போயிருக்கிறது என்று எழுதினேன். அவ்வளவுதான் எழுதினேன். அவரைத் திட்டவில்லை, காவல் துறையைக் கூப்பிடவில்லை, விழாவைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. அதற்கு எனக்குக் கிடைத்த பட்டங்களை இங்கே எழுத என் கை கூசுகிறது.

காணொளியை ஒலி இல்லாமல் ஒருமுறை பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். காதுகள் பின்னுக்கு மடிந்து தலையோடு ஒட்டியிருக்கின்றன. வால் வயிற்றுக்கு அடியில் போய்விட்டது. எதுவும் தின்னாமலே நாக்கால் மூக்கை நக்கிக்கொண்டே இருக்கிறது. தூக்கம் வராத நேரத்தில் கொட்டாவி விடுகிறது. முகத்தைத் திருப்பாமல் கண்ணை மட்டும் ஓரத்துக்குக் கொண்டுபோவதால் வெண்விழி பிறைபோலத் தெரிகிறது. நடுவில் யாரோ ஒருவர் பிஸ்கட் நீட்டுகிறார். அதை அது முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. பசியுள்ள ஒரு நாய், தனக்குப் பிடித்த தின்பண்டத்தை மூக்கருகே வைத்தும் தொடவில்லை என்றால், அதன் உடல் அப்போது தின்பதற்கோ கற்றுக்கொள்வதற்கோ தயாராக இல்லை, உயிர் தப்புவதற்கு மட்டுமே தயாராக இருக்கிறது என்று பொருள். அதன் பிறகுதான் அது படுக்கிறது. அந்தப் படுக்கையைத்தான் அமைதி என்று கைதட்டுகிறோம்.

இப்படிப் படுத்துக்கொள்வது என்னவென்று உலகத்துக்குத் தெரிந்து அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது. 1960-களில் அமெரிக்காவில் மார்ட்டின் செலிக்மன், ஸ்டீவன் மேயர் என்ற இரு ஆய்வாளர்கள், தப்பிக்கவே முடியாதபடி கட்டப்பட்ட நாய்களுக்கு மின்னதிர்ச்சி கொடுத்தார்கள். பிறகு அதே நாய்களை, ஒரு தாழ்ந்த தடுப்பைத் தாண்டினால் அதிர்ச்சியிலிருந்து தப்பிவிடலாம் என்ற பெட்டிக்குள் விட்டபோது, அவற்றில் பல தாண்ட முயலவே இல்லை. படுத்துக்கொண்டு அதிர்ச்சியை வாங்கிக்கொண்டன. அவர்களின் கட்டுரை 1967-இல் வெளிவந்தது. அந்த ஆய்வு கொடூரமானது, அதை நான் கொண்டாடவில்லை. ஆனால் அந்த நாய்கள் பட்ட பாட்டிலிருந்து நாம் ஒன்றை அறிந்துகொண்டோம்: தப்ப வழியே இல்லாமல் வதைபட்ட உயிர், பிறகு வழி இருந்தும் அசையாமல் கிடக்கலாம். அணைக்கட்டில் நாம் பார்த்ததும் அதுதான். அந்த நாய்க்குப் பயம் தெளியவில்லை.

"நாய்க்கு நாம் தலைவன் என்று காட்ட வேண்டும், ஓநாய்க் கூட்டத்தில் அப்படித்தான்" என்று காணொளியில் ஒரு விளக்கமும் வருகிறது. 1947-இல் ருடால்ஃப் ஷெங்கல் என்பவர், சுவிட்சர்லாந்தின் பாசல் நகர உயிரியல் பூங்காவில் அடைபட்டிருந்த ஓநாய்களைப் பார்த்து எழுதியதிலிருந்து பிறந்த கருத்து அது. அதைப் பரப்பியவர்களில் ஒருவரான டேவிட் மெக் என்ற ஓநாய் ஆய்வாளரே, காட்டில் வாழும் ஓநாய்க் கூட்டம் என்பது தாயும் தந்தையும் பிள்ளைகளும் சேர்ந்த ஒரு குடும்பம், அங்கே சண்டையிட்டுப் பிடித்த தலைமை என்று ஒன்றில்லை என்று 1999-இல் எழுதிவிட்டார். வேலூருக்கு அந்தச் செய்தி வந்து சேர இன்னும் எத்தனை ஆண்டுகள் ஆகும் என்று தெரியவில்லை.

"பேசுவது எளிது, நீங்கள் ஒரு நாயையாவது மாற்றியிருக்கிறீர்களா?" என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். கேட்டதனால் சொல்கிறேன்.

என் வீட்டுச் செவலை, சத்துவாச்சாரியில் நெடுஞ்சாலையை ஒட்டிய அணுகு சாலையில் குழாய்களுக்குள் பதுங்கிக் கிடந்த நாய். வளர்ந்த நாயாகத்தான் எங்களிடம் வந்தாள். துடைப்பத்தை எடுத்தால் சிறுநீர் கழித்துவிடுவாள். ஆண்கள் யாராவது குனிந்தால், கல்லெடுக்கத்தான் குனிகிறார்கள் என்று எண்ணிச் சுவரோடு ஒட்டிக்கொள்வாள். பால்காரர் வண்டிச் சத்தம் தெருமுனையில் கேட்டாலே கேட்டின் மீது பாய்ந்து குரைப்பாள். தெருவில் எல்லோரும் அவளைத் திமிர் பிடித்த நாய் என்றார்கள். குரைத்துப் பாயும் நாய்களில் பல பயந்த நாய்கள் என்பதை நம் ஊரில் யாருக்கும் புரியவைக்க முடியவில்லை. நாய் குரைக்கிறது, பால்காரர் பாலைக் கொடுத்துவிட்டுப் போகிறார். அவர் எப்படியும் போகத்தான் போகிறார், ஆனால் நாயின் கணக்கில் குரைத்ததால்தான் அவர் போனார். ஒவ்வொரு காலையும் அந்தக் கணக்கு உறுதிப்படுகிறது.

நாங்கள் செய்ததில் மந்திரம் எதுவும் இல்லை. வேகவைத்த கோழி ஈரலைச் சிறு சிறு துண்டாக நறுக்கி வைத்துக்கொண்டோம். கேட்டருகே நிற்பதை நிறுத்தி, வீட்டின் பின்கட்டுக்கு அவளைக் கொண்டுபோனோம். அங்கே வண்டிச் சத்தம் மெலிதாகத்தான் கேட்கும். அவள் காதை நிமிர்த்துவாள், குரைக்க மாட்டாள். சத்தம் கேட்ட பிறகு ஈரல் வரும், சத்தம் நின்றால் ஈரலும் நின்றுவிடும். இந்த வரிசை முக்கியம். முதலில் ஈரலைக் காட்டிவிட்டுப் பிறகு வண்டி வந்தால், ஈரலைக் கண்டாலே வண்டி வரப் போகிறது என்று பயந்துவிடுவாள். வண்டிச் சத்தம் கேட்டதும் அவள் தானாகவே எங்கள் முகத்தைத் திரும்பிப் பார்க்கத் தொடங்கிய பிறகுதான் நடுக்கூடத்துக்கு வந்தோம், பிறகு திண்ணைக்கு. இடையில் ஒரு தீபாவளி வந்து எல்லாவற்றையும் பின்னுக்குத் தள்ளியது. மறுபடி பின்கட்டுக்கே போனோம்.

மனிதர்களுக்குப் பழக்க எங்களுக்குப் பாலாறு உதவியது. ஆண்டின் பெரும்பகுதி மணலாகக் கிடக்கிறதே என்று நாம் எல்லோரும் வருந்தும் அதே ஆறுதான். பயந்த நாய்க்கு முதல் மருந்து தொலைவு. கொசப்பேட்டைத் தெருக்களில் எதிரே வருபவரிடமிருந்து நாலடி விலகக்கூட இடமில்லை. ஆற்று மணலில் நடந்துபோகிற ஒருவரை, பயம் கிளம்பாத தொலைவிலிருந்து அவளால் நிதானமாகப் பார்க்க முடிந்தது. பார்த்தால் ஈரல். விரும்பினால் முகர்ந்து பார்க்கலாம், வேண்டாமென்றால் திரும்பிப் போகலாம். போக வழியுண்டு என்று தெரிந்தபிறகுதான் அவள் நெருங்கத் தொடங்கினாள். நான் ஒருநாளும் அவளை யாரிடமும் இழுத்துப் போனதில்லை. இன்று பால்காரர் அவள் கழுத்தைச் சொறிந்துவிட்டுத்தான் அடுத்த வீட்டுக்குப் போகிறார். பட்டாசுக்கு மட்டும் இன்னமும் நடுங்குகிறாள். அதற்கு மருத்துவர் எழுதித் தந்த மாத்திரை இருக்கிறது. அதில் எனக்கு எந்த வெட்கமும் இல்லை.

இதை நான் கண்டுபிடிக்கவில்லை. முயலைக் கண்டு அலறிய பீட்டர் என்ற சிறுவனுக்கு, அவன் விரும்பிய உணவைத் தின்னும் வேளையில் முயல் கூண்டைத் தொலைவில் வைத்து, மெல்ல மெல்ல நெருக்கி, கடைசியில் அவனே முயலைத் தடவும் அளவுக்குக் கொண்டுவந்த மேரி கவர் ஜோன்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் அதை வெளியிட்டது 1924-இல். நூறு ஆண்டுகள் கடந்துவிட்டன. நாம் இன்னும் சங்கிலியைச் சுண்டிக்கொண்டிருக்கிறோம்.

"தின்ன கொடுத்தால் பயப்படுவதற்குப் பரிசு கொடுத்ததாக ஆகாதா?" என்று ஓர் அண்ணன் மரியாதையாகக் கேட்டிருந்தார். ஆகாது. உட்கார்வதும் குரைப்பதும் செயல்கள், அவற்றுக்குப் பரிசு கொடுத்தால் பெருகும். பயம் உடலுக்குள் தானாகக் கிளம்புவது. யாரும் தின்பண்டத்துக்கு ஆசைப்பட்டு நெஞ்சு படபடக்கப் பயப்படுவதில்லை. உணவுக்கு முன் ஓர் ஓசையைக் கேட்டுப் பழகி, பிறகு அந்த ஓசைக்கே வாயூறிய, ரஷ்ய ஆய்வாளர் பாவ்லவின் நாய்களும் முடிவுசெய்து உமிழ்நீர் சுரக்கவில்லை.

"எங்களையெல்லாம் கிணற்றில் தூக்கிப் போட்டுத்தான் நீச்சல் பழக்கினார்கள், நாங்கள் என்ன கெட்டா போய்விட்டோம்" என்று எழுதியவர்கள் பலர். நானும் குடியாத்தம் பக்கத்துக் கிணற்றில் நீச்சல் பழகியவள்தான். என் அப்பா என் முதுகில் காய்ந்த சுரைக்குடுக்கையைக் கட்டி, முதலில் படியில் உட்காரவைத்து, பிறகு இடுப்பளவு நீரில் நிற்கவைத்து, தன் கையை என் வயிற்றுக்கு அடியில் வைத்துக்கொண்டு பழக்கினார். கை எப்போது விலகியதென்று எனக்குத் தெரியாது. தூக்கிப் போடப்பட்டவர்களில் நீந்தக் கற்றவர்கள் இன்று பின்னூட்டம் எழுதுகிறார்கள். அன்றோடு தண்ணீர்ப் பக்கமே போகாதவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள், அவர்களை யாரும் கேட்பதில்லை.

"கடித்துவிட்டால் யார் பொறுப்பு?" என்பது நியாயமான கேள்வி, இதற்கு நான் கோபப்பட மாட்டேன். பயந்த நாய் கடிக்கும். அதனால்தான் சொல்கிறேன். உறுமுகிற நாயை அடித்து உறுமாமல் ஆக்கினால், எச்சரிக்கை போய்விடும், கடி அப்படியே இருக்கும். அடுத்த முறை சத்தமில்லாமல் கடிக்கும். வெளியே கூட்டிப்போகும்போது, வாயைத் திறந்து மூச்சிரைக்க இடம்விடும் கூடை போன்ற வாய்க்கூட்டைப் போடுங்கள். வாயை இறுக்கிக் கட்டும் துணிப்பட்டை நம் ஊர் வெயிலுக்கு ஆகாது. நாய் தன் சூட்டைத் தணிப்பதே மூச்சிரைத்துத்தான். யாரையாவது கடித்துவிட்டால் காயத்தை ஓடும் நீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, அன்றே மருத்துவமனைக்குப் போய்த் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். அரசு மருத்துவமனையில் அது இலவசம். நன்றாக இருந்த நாய் திடீரென்று மாறினால் பயிற்சியாளரைத் தேடாமல் முதலில் கால்நடை மருத்துவரிடம் போங்கள். காதில் சீழும் மூட்டில் வலியும் வெறிநோயும்கூட அப்படித்தான் தொடங்கும்.

"இவ்வளவுக்கு யாருக்கு நேரம் இருக்கிறது?" என்கிறவர்களுக்கு என்னிடம் பதிலில்லை. நேரமில்லாதவர்கள் நாய் வளர்க்க வேண்டியதில்லை.

விழாவுக்கு நான் எதிரி என்று திரித்தவர்களுக்கும் ஒன்று. என் தாய்மாமன் வீட்டில் காளை வளர்த்தவர்கள் நாங்கள். காளையைப் பற்றி நான் பேசவே இல்லை.

இவற்றையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். "பிள்ளை இல்லாதவர்களுக்கு நாய்தான் பிள்ளை, அதனால்தான் இப்படிக் கத்துகிறார்கள்" என்று ஒருவர் எழுத, அதற்கு இருபது பேர் சிரிப்புக்குறி போட்டிருந்தார்கள். அதில் என்னுடன் படித்தவர்கள் இருக்கிறார்கள். என் வீட்டில் சாப்பிட்டவர்கள் இருக்கிறார்கள். நாயின் கழுத்தைச் சங்கிலி இறுக்கக் கூடாது என்று சொல்ல எனக்குப் பிள்ளை இருந்தாக வேண்டுமா? என் வயிற்றுக்கும் அந்தச் சங்கிலிக்கும் என்ன தொடர்பு? பயத்தில் படுத்துக் கிடக்கும் ஓர் உயிரைப் பார்த்துக் கைதட்டியவர்களுக்கு, வாயடைத்துப் போன ஒரு பெண்ணைப் பார்த்துச் சிரிப்பது கடினமாக இருந்திருக்காது. நான் அந்தப் பின்னூட்டத்துக்குப் பதில் எழுதவில்லை. அதைக் கண்டு "அக்கா ஒப்புக்கொண்டார்கள்" என்று இன்னொருவர் எழுதினார். ஒப்புக்கொள்ளவில்லை, தம்பி. பேச முடியாமல் போயிற்று.

இனி நான் எழுதுவது அந்தப் பழுப்பு நாயின் வீட்டுக்காரருக்கு. நீங்கள் கெட்டவர் என்று நான் நினைக்கவில்லை. உங்கள் நாய் நன்றாக வேண்டும் என்றுதான் பணம் கொடுத்து அவரிடம் அனுப்பினீர்கள். அந்தச் சோக் செயினைக் கழற்றிவிட்டு, மார்பைச் சுற்றி வரும் ஹார்னஸ் ஒன்றை வாங்குங்கள். குட்டியாக இருந்தபோது மாடியிலேயே கட்டி வளர்த்ததாக நீங்கள் ஒரு பதிலில் எழுதியிருந்தீர்கள். பிறந்த மூன்றாவது வாரத்திலிருந்து பன்னிரண்டாவது வாரம் வரை ஒரு குட்டி எதைக் கண்டு பழகுகிறதோ அதுதான் அதற்கு இயல்பான உலகம் என்று நாய்களின் நடத்தையை ஆராய்ந்த ஸ்காட்டும் ஃபுல்லரும் 1965-லேயே எழுதியிருக்கிறார்கள். அந்தக் காலம் போய்விட்டது, அதற்காக இப்போது அதைத் தண்டிக்காதீர்கள். சில நாட்கள் எங்கும் கூட்டிப்போகாமல் வீட்டிலேயே ஓய்வு கொடுங்கள். காதையும் பல்லையும் மூட்டையும் மருத்துவரிடம் காட்டுங்கள். அடுத்த பட்டாசு நாளில் சன்னல்களை மூடி, மின்விசிறியை ஓடவிட்டு, உள்ளறையில் அது விரும்பும் மூலையில் படுக்கை போட்டு, பக்கத்தில் உட்காருங்கள். அது உங்களிடம் ஒட்டிக்கொண்டால் தள்ளிவிட வேண்டாம். பிறகு பயிற்சியைத் தொடங்க உதவி வேண்டுமென்றால் எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள். விடியற்காலையில் ஆற்றுப் பக்கம் வந்தால் நானும் வருகிறேன், பணம் எதுவும் வேண்டாம். செவலையை முதலில் அழைத்து வர மாட்டேன், உங்கள் நாய்க்கு அது அதிகம்.

அந்தக் காணொளியை நீக்கச் சொல்லி அவரிடம் கேளுங்கள். நான் கேட்டால் நீக்க மாட்டார். நாய் உங்களுடையது, நீங்கள் கேட்கலாம்.