பசுமைப் பயணத்துக்குப் பதினாறாயிரம்

(மேற்கு மாம்பலம். ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்ற மாமா, அக்கா மகன் கார்த்தியைப் பார்க்க வருகிறார். ஹாலில் கால் வைக்க இடமில்லை. எங்கு பார்த்தாலும் அட்டைப்பெட்டி.)

மாமா: என்னடா, வீடு காலி பண்ணுகிறாயா?

கார்த்தி: இல்லை மாமா. மே மாதம் ஊட்டிக்குப் போகிறேன். குறைந்த செலவில், இயற்கைக்குக் கெடுதல் இல்லாமல். பசுமைப் பயணம்!

மாமா: ரொம்ப சந்தோஷம். இந்தப் பெட்டியெல்லாம்?

கார்த்தி: அதற்குத் தேவையான சாமான்கள். முதலில் இதைப் பாருங்கள், மூங்கில் பிரஷ்.

(மாமா பெட்டியைப் பிரிக்கிறார். உள்ளே இன்னொரு பெட்டி. அதற்குள் காற்றடைத்த பிளாஸ்டிக் பை. அதற்குள் அமுக்கினால் பொட்டுப் பொட்டென்று வெடிக்கும் பிளாஸ்டிக் தாள். அதற்குள் ஜிப் வைத்த கவர். கவருக்குள் ஒருவழியாகப் பிரஷ். அதன் கழுத்தில் ‘பூமியைக் காப்போம்’ என்று ஒரு ஸ்டிக்கர். அதுவும் பிளாஸ்டிக்.)

மாமா: இந்த முள் எதில் செய்தது?

கார்த்தி: (உற்றுப் பார்த்து) நைலான் மாமா.

மாமா: சரி. எத்தனை வாங்கினாய்?

கார்த்தி: நான்கு. நான்காக வாங்கினால் தள்ளுபடி.

மாமா: போகிறவர்கள் எத்தனை பேர்?

கார்த்தி: நான் மட்டும்தான்.

மாமா: ஒரு வாய், நாலு பிரஷ். அது என்ன தட்டையாக?

கார்த்தி: சோலார் விளக்கு. நாள் முழுக்க வெயிலில் வைத்தால் ராத்திரி மூன்று மணி நேரம் எரியும்.

மாமா: அந்த வெயிலை இங்கேயிருந்து எடுத்துக்கொண்டு போ. மாம்பலத்தில்தான் இருக்கிறது. மொத்தம் எவ்வளவு ஆயிற்று?

கார்த்தி: பதினாறாயிரம்தான்.

மாமா: குறைந்த செலவில் என்றாயே?

கார்த்தி: இது முதலீடு மாமா. போகிற செலவு தனி. நண்பன் கார் தருகிறான். பெட்ரோல், டோல் எல்லாம் சேர்த்து...

மாமா: நிறுத்து. காரிலா? இ-பாஸ் எடுத்தாயா?

கார்த்தி: அதென்ன?

மாமா: சரியாய்ப்போச்சு. 2024 மே மாதத்திலிருந்து ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் சொந்த வண்டியில் போனால் இ-பாஸ் வேண்டும், இணையத்தில் எடுக்கிற அனுமதிச் சீட்டு. உயர் நீதிமன்ற உத்தரவு. 2025 சீசனில் நீலகிரிக்கு வார நாளில் 6,000 வண்டி, சனி ஞாயிறில் 8,000 என்று அளவே வைத்துவிட்டார்கள். எட்டாயிரத்து ஒன்றாவது வண்டியில் நீ இருப்பாய், உன் மூங்கில் பிரஷ்ஷோடு.

கார்த்தி: அப்புறம் எப்படிப் போவது?

மாமா: ரயிலிலும் பஸ்ஸிலும் போகிறவனுக்கு இ-பாஸே வேண்டாம். ராத்திரி சென்ட்ரலில் நீலகிரி எக்ஸ்பிரஸ். ஸ்லீபரில் நானூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். நன்றாகத் தூங்கு. விடிந்தால் மேட்டுப்பாளையம். 7:10க்கு மலை ரயில்.

கார்த்தி: மலை ரயிலா? அது புகை கக்கிக்கொண்டு போகுமே மாமா. சுற்றுச்சூழல்...

மாமா: (பாதி எழுந்து நின்று) யாரைப் பார்த்து என்ன பேசுகிறாய்! 1899-ல் குன்னூர் வரைக்கும் போட்டது, 1908-ல் ஊட்டி வரைக்கும். 208 வளைவு, 250 பாலம், 16 குகைப்பாதை. 2005-ல் யுனெஸ்கோகாரனே வந்து பாரம்பரியச் சின்னம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறான். நிலக்கரியெல்லாம் அந்தக் காலம், இப்போது பெரும்பாலும் எண்ணெய். குன்னூருக்கு மேலே டீசல். நூற்றுக்கணக்கான பேரை ஒரு எஞ்சின் ஏற்றிக்கொண்டு போகிறது. உன் ஒருத்தனுக்கு ஒரு காரா?

கார்த்தி: கோபப்படாதீர்கள் மாமா. ரயில் அவ்வளவு செங்குத்தாக எப்படி ஏறும்?

மாமா: (உட்கார்ந்து, குரல் தணிந்து) அப்படிக் கேள். கல்லாறிலிருந்து குன்னூர் வரைக்கும் தண்டவாளத்துக்கு நடுவே பல் பல்லாக இரும்புச் சட்டம் இருக்கும். எஞ்சினுக்கு அடியில் ஒரு பல்சக்கரம் அதைக் கடித்துக் கடித்து ஏறும். பன்னிரண்டு அடி போனால் ஒரு அடி ஏற்றம். எஞ்சின் முன்னால் நின்று இழுக்காது, பின்னாலிருந்து தள்ளும். நான் சர்வீஸில் மேலே வந்ததும் அப்படித்தான். உன் அத்தை.

கார்த்தி: ஊட்டிக்கு எத்தனை கிலோமீட்டர்?

மாமா: 46.

கார்த்தி: எத்தனை மணிக்குப் போய்ச் சேரும்?

மாமா: பன்னிரண்டு.

கார்த்தி: ஐந்து மணி நேரமா? சைக்கிளிலேயே போகலாமே!

மாமா: போயேன். சைக்கிள்தான் இன்னும் பசுமை. வழியில் எங்கேயாவது நீ நாக்குத் தள்ளி உட்கார்ந்திருப்பாய், நான் ஜன்னலிலிருந்து கை காட்டுகிறேன். ஹில்குரோவ் ஸ்டேஷனில் எஞ்சினுக்குத் தண்ணீர் பிடிக்க நிறுத்துவார்கள். நீ வடை வாங்குவாய், குரங்கு சாப்பிடும்.

கார்த்தி: டிக்கெட் கிடைக்குமா?

மாமா: 60 நாள் முன்னால், காலை 8 மணிக்கு முன்பதிவு திறக்கும். எட்டு ஐந்துக்கு நீ பல் விளக்கிவிட்டு வந்தால் வெயிட்டிங் லிஸ்ட். நாலு பிரஷ் வேறு வைத்திருக்கிறாய். கிடைக்காவிட்டால் குடி முழுகிவிடாது, மேட்டுப்பாளையத்தில் அரசு பஸ் நிற்கும். ஜன்னலோரம் உட்கார், எலுமிச்சம்பழம் வைத்துக்கொள்.

கார்த்தி: எலுமிச்சம்பழம் இயற்கை உரத்தில் விளைந்ததா?

மாமா: அதை வாந்தி வரும்போது விசாரி.

கார்த்தி: வழியில் குடிக்கத் தண்ணீர் பாட்டில் வாங்கிக்கொள்ளலாம் இல்லையா?

மாமா: கல்லாறு செக்போஸ்ட்டில் பிடுங்கிக்கொள்வார்கள். நீலகிரியில் பிளாஸ்டிக் பாட்டில் கூடாது. எவர்சில்வர் பாட்டில் ஒன்று எடுத்துப்போ. ஊட்டியில் தண்ணீர் ஏடிஎம் இருக்கிறது, காசு போட்டால் பிடித்துக்கொள்ளலாம். கண்ணாடிப் பாட்டிலைக்கூட அங்கே காட்டில் போட விடுவதில்லை. டாஸ்மாக்கில் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் சேர்த்து வாங்குகிறார்கள், காலிப் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் பத்து ரூபாய் வாபஸ். 2022-ல் நீலகிரியில்தான் முதலில் ஆரம்பித்தார்கள்.

கார்த்தி: உங்களுக்கு எப்படி மாமா இவ்வளவு விவரமாக...

மாமா: பேப்பரில் படித்தேன்.

கார்த்தி: அத்தைக்குத் தெரியுமா?

மாமா: அவள் பேப்பர் படிப்பதில்லை. சாப்பாட்டு விஷயத்துக்கு வா. ரயிலில் வாங்காதே. அத்தை புளியோதரை கட்டித் தருவாள், வாழை இலையில். மஞ்சப்பையில் போட்டுக்கொள். இலையை மாடு தின்னும்.

கார்த்தி: பையை?

மாமா: பையைத் திருப்பிக் கொண்டுவந்து அத்தையிடம் கொடு. எண்ணி வைத்திருக்கிறாள்.

கார்த்தி: நீங்கள் சொல்வதற்கென்ன மாமா, ரயில்வே பாஸ். ஓசிப் பயணம்.

மாமா: குறைந்த செலவு என்று நீதானே சொன்னாய்? அதைவிடக் குறைந்தது எது? சரி, ராத்திரி எங்கே தங்குகிறாய்?

கார்த்தி: (கண்கள் மின்ன) காட்டில்!

மாமா: எந்தக் காட்டில்?

கார்த்தி: ஏதாவது ஒரு காட்டில். நட்சத்திரம், குளிர், நெருப்பு மூட்டி...

மாமா: வனத்துறைக்காரன் வந்து ரசீது புத்தகத்தைத் திறப்பான். அனுமதி இல்லாமல் காப்புக்காட்டுக்குள் கால் வைத்தாலே வழக்கு, இதில் நெருப்பு வேறா? கோத்தகிரியில் காட்டெருமை தெருவிலேயே நிற்கிறது. கூடாரத்துக்குள் தலை நீட்டினால் நீ என்ன சொல்வாய், ‘நான் பசுமைப் பயணி’ என்றா?

கார்த்தி: அப்போது காட்டையே பார்க்க முடியாதா?

மாமா: ஏன் முடியாது? ‘ட்ரெக் தமிழ்நாடு’ என்று 2024 அக்டோபரில் அரசாங்கமே தொடங்கியிருக்கிறது. 40 மலைப்பாதை. இணையத்தில் பணம் கட்டினால் அந்தந்த ஊர் ஆட்களே, பழங்குடிப் பிள்ளைகளே, கூட வந்து வழிகாட்டுவார்கள். ஊட்டிக்குப் பக்கத்தில் கெய்ர்ன் ஹில், சுலபமான நடை. கோடையில் காட்டுத் தீ பயத்தால் பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரைக்கும் மூடிவிடுவார்கள், நீ மே மாதம்தானே போகிறாய். நட, பார், சாயங்காலம் லாட்ஜில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு படு.

கார்த்தி: (ஒரு பெரிய பெட்டியைத் தடவியபடி) அப்படியானால் இந்தக் கூடாரத்தை என்ன செய்வது? ஒன்பதாயிரம் ரூபாய். திருப்பி அனுப்பவும் முடியாது, பிரித்துவிட்டேன்.

மாமா: பிரித்துக் காட்டு பார்க்கலாம்.

(கூடாரம் விரிகிறது. மாமா உள்ளே தவழ்ந்து போய் வலையைத் தட்டிப் பார்க்கிறார்.)

மாமா: (உள்ளேயிருந்து) நாலு பக்கமும் கொசுவலை. காற்று நன்றாக வருகிறது. காக்கா நுழையுமா?

கார்த்தி: நுழையாது மாமா. ஏன்?

மாமா: மொட்டை மாடியில் உன் அத்தை வடாம் போட்டுவிட்டு, காலையிலிருந்து என் கையில் குடையைக் கொடுத்துக் காவலுக்கு உட்கார வைக்கிறாள்.

கார்த்தி: மாமா, இது இமயமலையில் பனிப்புயலைத் தாங்கும் கூடாரம்! நான்கு பேர் தாராளமாகப் படுக்கலாம் என்று போட்டிருக்கிறது.

மாமா: எத்தனை படி வடாம் காயும் என்று போட்டிருக்கிறதா பார்.